ஏழாவது பூட்டு

மேசைமேல் இருந்த மணி 'கிர்ர்ர்' என்று அலறியபோது, சின்னவள் ஒரே மின்னஞ்சலை நாலாவது தடவையாக எழுதி நாலாவது தடவையாக அழித்துக்கொண்டிருந்தாள். 'மன்னிக்கவும், கதை இன்னும் முடியவில்லை' என்று ஒரே ஒரு வரி. அதை அனுப்பிவிட்டால் நிம்மதி. அனுப்பாமலே ஐந்து மணி அடித்துவிட்டால் அதைவிட நிம்மதி. கடிகாரம்தான் நாலு பத்திலேயே நொண்டியடித்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. அக்கா பெரியவள் என்பதால் இவள் சின்னவள். வீட்டில் வைத்த அந்தப் பெயர் எப்படியோ ஆபீசுக்கும் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டது. லிப்ட் பராமரிக்கும் கம்பெனியில் அவசர அழைப்பு எடுக்கிற வேலை. ஊரில் எந்தக் கட்டடத்திலாவது லிப்ட் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர் மஞ்சள் பொத்தானை அழுத்தினால், இங்கே மணி அடிக்கும், சிவப்பு விளக்கு எரியும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவர்களைப் பதறாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அதற்காக மேற்பார்வையாளர் ஒரு தாளில் ஐந்து வரி அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். 'பதற்றப்பட வேண்டாம்' என்று தொடங்கி 'ஒத்துழைப்புக்கு நன்றி' என்று முடியும். அந்த ஐந்து வரியைத் தாண்டி யாரும் ஆறாவது வரி பேசக்கூடாது. ஆகவே அவருக்கே ஆபீசில் பெயர் 'அஞ்சு வரி'.

சின்னவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே ஆறாவது வரியைப் பேசிவிட்டாள். உள்ளே ஒரு பெண் அழுது மூச்சுத் திணற, ஐந்து வரியும் தீர்ந்துபோக, வேறு வழி தெரியாமல் ஒரு கதையை எடுத்துவிட்டாள். அழுகை நின்றது. அன்றிலிருந்து எந்த லிப்ட் நின்றாலும் கதைதான். யாரும் சொல்லிக்கொடுத்த கதைகள் அல்ல. பஸ்ஸில் வரும்போதும் துணி காயப்போடும்போதும் அவளாகவே கட்டியவை. கேட்டவர்கள் பயத்தை மறந்தார்கள், நேரத்தை மறந்தார்கள். ஒருவர் கம்பெனிக்குப் புகார்க் கடிதமே எழுதினார். மெக்கானிக் சீக்கிரம் வந்துவிட்டாராம்.

அந்தப் புகாரில் நியாயம் உண்டு. மெக்கானிக் வருவார், கதவைத் திறப்பார், பெட்டிக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானை அழுத்துவார். அழுத்தினால் விளக்கு அணையும், லைன் தானாகத் துண்டிக்கப்படும். கதை அந்தரத்தில் நிற்கும். இத்தனை வருடத்தில் சின்னவள் ஒரு கதையைக்கூட முடித்ததில்லை. முடிக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. அதில் அவளுக்கு இருந்த சௌகரியம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வினை ஒரு வானொலி அம்மா ரூபத்தில் வந்தது. அந்த அம்மாளும் ஒருநாள் லிப்ட்டில் மாட்டிக்கொண்டு, பாதிக் கதை கேட்டு, வெளியே வந்ததும் நேராக ஆபீசுக்கே ஏறி வந்துவிட்டார். உள்ளூர் வானொலியில் சனிக்கிழமை மாலை நாற்பது நிமிடம் தருகிறேன், ஒரே ஒரு கதையை முழுசாகப் பதிவு செய்து கொடுங்கள் என்றார். சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்து போனாள். துணி அலமாரிக்குள் போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனில் பதிவு செய்யத் தொடங்கினாள். பதினொரு மாதத்தில் பதினொரு கதை. தேனாகக் குரல், நறுக்கென்று பேச்சு. எல்லாம் சரி, பதினொன்றுமே முடிவுக்குச் சற்று முன்னால் நின்றிருந்தன.

காரணம், அந்த அம்மாள் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்ன ஒரு வார்த்தை. 'ஜனங்களுக்குப் பிடிச்சிருச்சுன்னா வாரா வாரம் வெச்சுக்கலாம்.'

வாரா வாரம். கதை எழுதுகிறவர்களுக்கு யாரும் கேட்கமாட்டார்களோ என்று பயம் இருக்கும். சின்னவளுக்கோ எல்லாரும் கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

அந்தப் பயத்துக்கு நாலு கால் உண்டு. ஒன்பது வயதில் பள்ளிப் பேச்சுப் போட்டியில் அவளுக்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசு கோப்பையோடு நிற்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் அடுப்பு பழுது பார்க்க வந்தவர் உள்பட, கூடத்து மஞ்சள் நாற்காலியில் அவளை ஏற்றிவிட்டு, "எங்க, அதைச் சொல்லிக் காட்டு" என்பார் அப்பா. நாற்காலி ஒரு கால் குட்டை, ஆடும். ஆடாமல் பிடித்துக்கொள்வது பெரியவளின் வேலை. பேச்சு முடிந்ததும் விருந்தாளி கை தட்டிவிட்டு, கீழே குனிந்து, நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் அக்காவிடம் தவறாமல் கேட்பார்: "நீ என்னம்மா பண்ணுவே?" ஒன்றரை வருடம் இப்படி. பிடித்துச் செய்த ஒன்று வேப்பங்காயாகக் கசந்தது. ஒருநாள் நாற்காலிமேல் நின்று, கடைசி நாலு வரி மறந்துவிட்டதாகச் சொல்லி உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த விருந்தாளி முன்னாலும் மறந்தாள். மூன்றாம் தடவைக்குப் பிறகு நாற்காலி சமையலறைக்குப் போய்விட்டது. முடிக்காதவரை யாரும் மறுபடி கேட்கமாட்டார்கள் என்று அன்று கற்றுக்கொண்டதை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

வானொலி அம்மா இரண்டு தடவை தவணை கொடுத்துப் பார்த்தார். இன்று ஐந்து மணிதான் கடைசி. அதற்குமேல் அந்த இடம் வேறு நிகழ்ச்சிக்குப் போய்விடும், மறுபடி கிடைக்காது.

அலறிய மணியை அடக்கி, சின்னவள் ஹெட்போனை மாட்டினாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒன்பது மாடிக் கட்டடம். மூன்றாம் நம்பர் லிப்ட், நாலாவது மாடியில் வந்து நின்றிருக்கிறது, கதவு திறக்கவில்லை. வழக்கமான சண்டிக் குதிரைதான். முதல் வரியை ஆரம்பித்தாள்.

"பதற்றப்பட வேண்டாம், உங்கள் அழைப்பு..."

"நான்தான்டி" என்றது லிப்ட்.

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா அந்தக் கட்டடத்தின் ஆறாவது மாடியில், பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்ப்பவள். மூடின இடம் என்றாலே அவளுக்கு ஆகாது. பத்து வருடமாக ஆறு மாடியும் படிதான். அப்படிப்பட்டவள் லிப்ட்டில் எப்படி?

அக்கா மூச்சு வாங்க விளக்கினாள். ஐந்து மணிக்குள் தங்கை எதையாவது சொல்லி நழுவிவிடுவாள் என்று தெரியுமாம். பக்கத்திலேயே உட்கார்ந்து அனுப்ப வைப்பதற்காக அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினாளாம். படியில் இறங்கினால் நேரமாகுமே என்று இந்த ஒரு தடவை லிப்ட்டில் ஏறினாளாம்.

"எல்லாம் உன்னாலதான்" என்று முடித்தாள். அந்தக் குரலில் கோபத்தைவிட நடுக்கம் அதிகம் இருந்தது. மூச்சு குட்டிக் குட்டியாக வந்தது.

உள்ளே இன்னும் இரண்டு பேர். ஒருவர் கூரியர்காரர், பதினாலு பார்சல் கொடுக்க வேண்டும், ஒவ்வொருவரும் போன் போட்டுத் திட்டுவார்கள் என்று அவர் பாட்டுக்குப் புலம்பிக்கொண்டிருந்தார். இன்னொருவர் இப்போதுதான் பல் பிடுங்கிக்கொண்டு வாய் நிறையப் பஞ்சோடு இறங்கிய அம்மாள். எதைக் கேட்டாலும் 'ம்ம்' என்பதுதான் பதில்.

சின்னவள் மெக்கானிக்கை அழைத்தாள். நிதானமாகவே எதையும் செய்வதால் அவருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். திருகாணியைக்கூடத் தடவிக் கொடுத்துத்தான் கழற்றுவார். ஊரின் அந்தக் கோடியில் இருப்பதாகவும், இருபது நிமிடம் ஆகும் என்றும் சொன்னார். இருபது நிமிடம் அக்காவின் மூச்சு தாங்காது.

"அக்கா, தரையில உக்காரு. கதவைப் பார்க்காதே. ஒரு கதை சொல்றேன்."

"எந்தக் கதை?"

"பூட்டுத் திருடன்."

வானொலிக்காகப் பதிவு செய்து வைத்த முதல் கதை அதுதான். ஒரு ஊரில் ஒரு திருடன். வீடு புகுவான், நகையைத் தொடமாட்டான், பாத்திரத்தைத் தொடமாட்டான். பூட்டை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விடுவான். அதே ஊரில் அதற்குமுன்பே வேறொரு தொல்லை: தினம் ஒரு வீட்டில் சாவி காணாமல் போகும். ஆக, பாதி ஊரில் பூட்டு இருக்கிறது, சாவி இல்லை. மீதி ஊரில் சாவி இருக்கிறது, பூட்டு இல்லை. போலீஸ்காரர் ஒருவர் புகார் எழுதி எழுதியே பேனா வாங்கக் கடன் கேட்கிறார்.

கூரியர்காரர் முதலில் "மேடம், கதை கேக்கற நேரமா இது" என்றார். போலீஸ்காரரின் சொந்த வீட்டுப் பூட்டே திருட்டுப்போன இடத்தில் அவர் சிரித்த சத்தம் இங்கே ஸ்பீக்கரில் அதிர்ந்தது. பஞ்சு அம்மாள் சிரிக்க முடியாமல் 'ம்ம்ம்ம்' என்று இழுத்தார். அக்காவின் மூச்சு மெல்ல நீண்டது. அஞ்சு வரி தன் அறையிலிருந்து வெளியே வந்து, சுவரில் இருந்த தாளை ஒரு பார்வை, சின்னவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதட்டுவதற்குத்தான் வந்தார். போலீஸ்காரர் மாறுவேடம் போட்ட இடத்தில் அதட்ட மறந்துவிட்டார்.

கதை ஊர்க்கோடிக்கு வந்தது. அங்கே ஒரு வீட்டுக் கதவில் ஏழு பூட்டு. திருடன் ஒன்று, இரண்டு என்று ஆறு பூட்டைக் கழற்றிவிட்டான். ஏழாவதில் கை வைக்கிறான். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்கிறது. "இவ்வளவு நேரமா ஒரு ஆளுக்கு?"

அங்கே சின்னவள் நின்றாள்.

அந்த இடத்தில்தான் எப்போதும் நிற்பாள். எத்தனையோ லிப்ட்டுகளில் அந்த வரிக்குச் சற்று முன்போ பின்போ விளக்கு அணைந்திருக்கிறது. அலமாரிக்குள் பதிவு செய்ததும் அங்கேதான் நின்றிருக்கிறது. ஒருமுறை நிதானம்கூட அவளை வழிமறித்து, கதவுக்கு வெளியே நின்றபடி தான் கேட்டதாகவும், அந்தத் திருடன் என்ன ஆனான் என்றும் விசாரித்தார். தனக்கே தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பொய். முடிவு அவளுக்குப் பத்து மாதமாகத் தெரியும்.

அவள் விளக்கைப் பார்த்தாள். மணி நாலரை. விளக்கு சிவப்பாகவே எரிந்தது.

"அப்புறம்?" என்றார் கூரியர்காரர்.

"மெக்கானிக் இப்போ வந்துடுவார் சார்."

"அவர் வரட்டும் மேடம். திருடன் என்ன ஆனான்?"

சின்னவள் நிதானத்துக்குப் போன் செய்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். எடுக்கவில்லை. இந்த முடிவைச் சொல்லிவிட்டால் அது முடிந்த கதை. முடிந்த கதையை அனுப்பாமல் இருக்கச் சாக்கு இல்லை. அனுப்பினால் சனிக்கிழமை. சனிக்கிழமை பிடித்துவிட்டால் வாரா வாரம். ஆடுகிற நாற்காலிமேல், ஊரே விருந்தாளியாக, வாரா வாரம்.

"அந்த மஞ்சள் நாற்காலி ஞாபகம் இருக்கா?" என்றாள் அக்கா திடீரென்று.

இருபத்தெட்டு வருடமாக இருவரும் தொடாத பேச்சு அது.

"அன்னிக்கு நீ மறக்கலை. எனக்குத் தெரியும்."

"யார் சொன்னா?"

"நாற்காலியைப் பிடிச்சிட்டிருந்தது யாரு? நிஜமா பயந்தா உனக்குக் கால் ஆடும். நாற்காலி என் கையில கடகடன்னு அடிக்கும். அன்னிக்குத் தூண் மாதிரி நின்னே. மறந்தவ அப்படி நிக்கமாட்டா."

பின்னால் அஞ்சு வரி நகர்கிற சத்தம் கேட்டது. போய்விட்டார் என்று நினைத்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"தெரிஞ்சும் ஏன் அப்பாகிட்ட சொல்லலை?" என்று கேட்டாள் சின்னவள். "எல்லாரும் உன்னைப் பார்த்து நீ என்ன பண்ணுவேன்னு கேட்டாங்களே, அதனால என்மேல கோபம்னுதானே நான்..."

"கோபமா? ஒன்றரை வருஷம் குனிஞ்சு பிடிச்சதுல எனக்குக் கை வலிச்சுது. நீ மறந்ததா சொன்னதும் விட்டாப் போதும்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

கூரியர்காரர் களுக்கென்று சிரித்துவிட்டு, இருமுவதுபோல் சமாளித்தார். சின்னவளுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணோரம் ஈரமும் வந்தது. இருபத்தெட்டு வருடமாகத் தன் தலையில் அவள் சுமந்த பாரம் அக்காவின் கைவலி.

"இப்ப எனக்குக் கை வலிக்கல" என்றாள் அக்கா. "நீ சொல்லு."

சின்னவள் மேசைமேல் கிடந்த தன் போனை எடுத்தாள். பதிவு செய்யும் சிவப்பு வட்டத்தைத் தொட்டாள். போனை வாய்க்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏழாவது பூட்டு கையோடு வந்துவிட்டது. கதவு திறந்தது."

அதன்பிறகு அவள் சொல்லவில்லை. கதைதான் அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. உள்ளே அந்த வீட்டின் நாலு சுவரிலும் சாவி. ஊரில் காணாமல் போன அத்தனை சாவியும் ஆணியில் தொங்குகின்றன. நடுவில் ஒரு பெண், முன்னால் ஆள் நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி. சாவித் திருடி அவள்தான். அவளிடம் சாவி இல்லாத பூட்டு ஒன்றே ஒன்று, அந்தப் பெட்டியின் பூட்டு. அதற்கான சாவியைத் தேடித்தான் ஊரெல்லாம் சாவி திருடினாள். அவனிடம் இருப்பது ஒரே ஒரு சாவி. அதற்கான பூட்டைத் தேடித்தான் அவன் ஊரெல்லாம் பூட்டுத் திருடினான். இருவரும் முதலில் அரை மணி நேரம் ஒருவரையொருவர் திருட்டுப்பட்டம் கட்டித் திட்டிக்கொள்கிறார்கள். வெளியே ஜன்னலில் போலீஸ்காரர் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் காதை வைத்துக் கேட்கிறார்.

நடுவில் ஸ்பீக்கரில் ஏதோ கீச்சென்றது, ஏதோ தட்டியது. கூரியர்காரர் பார்சலை நகர்த்துகிறார் என்று சின்னவள் நினைத்தாள். நிற்கவில்லை. பத்து மாதம் உள்ளே கிடந்த முடிவு அடுக்கடுக்காக வந்தது. பதிவில் இல்லாத பேச்சு, அவளே எதிர்பாராத வேடிக்கை. அவள் கை ஆடியது, குரல் ஏறி இறங்கியது. பாதியில் எழுந்து நின்றுகொண்டதுகூட அவளுக்குத் தெரியாது. அவள் கால் தரையில் தாளம் போட்டது. அது பயத்தில் ஆடிய ஆட்டமல்ல.

சாவி பூட்டில் திரும்புகிறது. பெட்டிக்குள் ஒரு கடைப்பலகை. அதில் இரண்டு பெயர்: அவனுடைய அப்பா பெயர், அவளுடைய அப்பா பெயர். இரண்டு பேரும் ஒரு காலத்தில் கூட்டாகப் பூட்டுக்கடை வைத்திருந்து, சண்டையில் பிரிந்து, ஒருவர் பெட்டியையும் ஒருவர் சாவியையும் எடுத்துக்கொண்டு போனவர்கள். மறுநாள் காலையில் ஊர் கண் விழித்தபோது கடைத்தெருவில் அந்தப் பலகை தொங்கியது. ஒரு சுவர் முழுக்கப் பூட்டு, எதிர்ச் சுவர் முழுக்கச் சாவி. அவரவருடையதைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு அட்டை. வரிசையில் முதல் ஆளாக நின்றவர் போலீஸ்காரர்.

"அவ்வளவுதான்" என்றாள் சின்னவள். "கதை முடிஞ்சுது."

அந்த மூன்று சொல்லை அவள் வாயால் சொல்லி அவளே கேட்டதில்லை.

லிப்ட்டுக்குள் கைதட்டல். மூன்று பேருக்கு அது சற்று அதிகமாகவே கேட்டது. அந்தச் சின்னப் பெட்டிக்குள் எதிரொலிக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். பஞ்சு அம்மாள் பஞ்சை எடுத்துவிட்டார் போலிருக்கிறது, குழறலாக, ஆனால் தெளிவாக, "அதுத்தது எப்போ?" என்றார்.

இத்தனை காலம் அவள் பயந்த கேள்வி வந்தே விட்டது. பழைய பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மாறாக, அலமாரிக்குள் பாதியில் நிற்கும் பத்துக் கதைகளும், பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல, நான் முந்தி நீ முந்தி என்று அவள் மண்டைக்குள் முண்டியடித்தன.

"சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ரேடியோவில இதே கதை" என்றாள். "அடுத்த வாரம் வேற கதை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பின்னாலிருந்து அஞ்சு வரி எட்டி, சுவர்க் கடிகாரத்தை விரலால் தட்டினார். நாலு ஐம்பத்து நாலு.

சின்னவள் போனை எடுத்தாள். அலமாரியில் பதிவு செய்த முதல் பாதி, இப்போது பதிவு செய்த மீதி. 'இரண்டு துண்டு, ஒட்டிக்கொள்ளுங்கள்' என்று எழுதினாள். காலையிலிருந்து நாலு தடவை அழித்த விரல் இந்தத் தடவை அழிக்கிற பக்கமே போகவில்லை. நேராகப் போய் அனுப்புகிற பொத்தானில் விழுந்தது. 'சர்ர்' என்று போய்விட்டது. இனி பிடித்து இழுக்க முடியாது.

"அனுப்பிட்டியா?" என்றாள் அக்கா.

"அனுப்பிட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. அக்கா, மெக்கானிக் இன்னும் வரலை, போனையும் எடுக்க மாட்டேங்கறார். உனக்கு மூச்சு முட்டுதா? கொஞ்சம் பொறுத்துக்கோ, நான் வேற ஆளை அனுப்பறேன்."

லிப்ட்டுக்குள் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் கனைத்தார்கள். அந்தக் கனைப்பு மிகவும் நிதானமாக இருந்தது.

"கதவு தொறந்து இருபது நிமிஷம் ஆச்சுடி" என்றாள் அக்கா. "ஒருத்தரும் வெளிய போகல, மெக்கானிக்தான் பொத்தானை அழுத்தாம உள்ள வந்து உக்காந்துட்டாரு."